காமிராப் பையில் நெருப்பு

மூட்டை கட்டுவதில் எங்கள் விருதுநகர்க்காரர்களுக்கு ஈடு கிடையாது. மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, எண்ணெய் என்று தலைமுறை தலைமுறையாக ஊர் ஊருக்கு அனுப்பிப் பழகிய கைகள். எதை எதோடு சேர்த்து வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பது இங்கே வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரிச்சுவடிக்கு முன்பே தெரிந்துவிடும். காப்பிக் கொட்டைக்குப் பக்கத்தில் மிளகாய் மூட்டையை அடுக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நான்கு நாள் குற்றாலம் போய்வருவதற்கு எந்தக் காமிராவை எடுத்துக்கொள்வது என்று இரண்டு நாள் யோசித்தார் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். யோசித்தவன் நான்தான்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுச் சாமான்? கையிலேதான் போன் இருக்குல்லா? அருவியிலே நனைஞ்சிட்டு வருவீகளா, இதைத் தூக்கிக்கிட்டு அலைவீகளா?" என்று கேட்டார், எதிர்வீட்டு நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுகிறவன் கதை எழுதப் புறப்படமாட்டான். இந்தச் சாமான் விவகாரம் நேற்று இன்று தோன்றியதா, நமக்கு முன்னால் பிரயாணம் போனவர்கள் எதைக் கட்டி எடுத்துப் போனார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று தேடிப் பார்க்கலானேன். தேடத் தேட ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. காமிராக்காரனின் பையில் எக்காலத்திலும் கொஞ்சம் நெருப்பு இருந்திருக்கிறது. பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு வாழ்கிற எனக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற செய்தியாக இருக்கவில்லை.

முதலில் ஒரு வெள்ளைக்காரரைச் சொல்ல வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் காப்டன். 1855-ல் பர்மிய மன்னரின் தலைநகரான அமரபுராவுக்குப் போன தூதுக்குழுவோடு காமிராவும் கையுமாகப் போய் இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்து வந்தவர். அதில் சந்தோஷப்பட்ட சர்க்கார் 1856-ல் அவரைச் சென்னை ராஜதானியின் போட்டோகிராபராகவே நியமித்துவிட்டது. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் புறப்பட்டார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நாலரை மாதம் சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் கனன்றுகொண்டிருந்த காலம். இங்கே ஒரு பட்டாளத்துக்காரர் மீனாட்சியம்மன் கோயில் தூண்களுக்கும் திருமலை நாயக்கர் மகால் வளைவுகளுக்கும் முன்னால் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

எதற்கு வண்டிகள் என்று கேட்கலாம். சின்ன படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி அந்த நாளில் நடைமுறையில் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவ் வேண்டும். நெகடிவ் எவ்வளவு பெரிதோ அதற்கேற்றாற்போல் பெட்டியும் வேண்டும். டிரைப் காகித நெகடிவையே பெரும்பாலும் நம்பினார். நல்ல காகிதத்தை மெழுகில் தோய்த்து, வெள்ளி உப்புக்களை ஏற்றி, ஒளி படாமல் காப்பாற்றி, படம் பிடித்தபின் இன்னொரு மருந்தில் குளிப்பாட்டி எடுக்க வேண்டும். இத்தனையும் நம் ஊர் வெயிலில், நம் ஊர்ப் புழுதியில்! ஆகவே காமிரா ஒரு பங்கு என்றால் மருந்துச் சீசாக்கள், தட்டுக்கள், காகிதக் கட்டு, கூடாரம், வடிகட்டிய நீர் என்று மற்றவை பத்துப் பங்கு.

அவருடைய படங்களில் ஆகாயத்தில் அழகான மேகங்கள் மிதக்கும். பாதி மேகம் அவர் கையால் தீட்டியது. நீல வானம் அந்தக் கால மருந்தில் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகடிவின் முதுகில் தூரிகையால் மேகம் எழுதிவிடுவார். இதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு சொந்தம் உண்டாயிற்று. நாவல் எழுதுகிறவர்கள் செய்கிற வேலையை அவரும் செய்திருக்கிறார்.

ஆனால் அவர் செய்ததில் நான் வியப்பது மேகத்தை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை அவர் வரிசையாகப் படம் பிடித்தார். இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுருளாக்கினால் ஏறக்குறைய 19 அடி நீளம்! ராஜராஜன் காலத்து எழுத்து ஒன்றும் விட்டுப்போகாமல் பதிய வேண்டும் என்று ஒரு மனிதன் காமிராவைச் சம தூரத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறான். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கல்வெட்டு வெறும் கோடுகளாகத் தெரிந்திருக்கலாம். இருந்தும் அந்த வேலைக்கென்று நேரத்தையும் காகிதத்தையும் ஒதுக்கி வைத்தாரே, அங்கேதான் ஆளின் தரம் தெரிகிறது.

அவருடைய உத்தியோகம் நீடிக்கவில்லை. 1859-ல் சர் சார்லஸ் டிரிவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். சிக்கனக்காரர். கலகத்துக்குப் பின் கஜானா காலி. படம் எடுப்பது சர்க்காருக்கு ஆகாத ஆடம்பரம் என்று தீர்மானித்து அந்த இலாகாவை இழுத்து மூடிவிட்டார். டிரைப்பின் ஆல்பங்களின் தலைப்புக்கள் தெற்கே மதுரையோடு நின்றுபோகின்றன. இன்னும் முப்பது மைல் தாண்டி எங்கள் கரிசல் காட்டுக்கு வந்திருந்தால் விருதுபட்டிச் சந்தையின் 1858-ஆம் வருஷத்து முகம் நமக்குக் கிடைத்திருக்கும். (1923-ல்தான் ஊருக்கு விருதுநகர் என்று பெயர் மாறியது.) கோயிலைத் தேடி வந்த வண்டி சந்தையைத் தேடி வருமா என்பது வேறு விஷயம்.

இமயமலைக்குப் போன சாமுவேல் பூர்ன் கதை இன்னும் பெரிய பாரம். 1863-ல் சிம்லாவிலிருந்து கிளம்பியபோது அவரோடு முப்பது கூலிகள். நூற்றுக்கணக்கில் கண்ணாடித் தகடுகள், மருந்துப் பெட்டிகள், பத்தடி உயர இருட்டுக் கூடாரம். மறு வருஷம் காஷ்மீருக்குப் போகையில் கூலிகள் 42 பேர். கண்ணாடித் தகட்டில் கொலோடியான் என்ற பிசினைத் தடவி, அது உலர்வதற்குள் படம் பிடித்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். கையோடு இருட்டறையையும் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் படம் இல்லை. 1866-ல் 18,600 அடி உயரமான மானிரங் கணவாயில் ஏறி நின்று படம் பிடித்தார். மகத்தான சாதனை என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடித் தகடுகள் அங்கே போய்ச் சேர்ந்தது கூலிகளுடைய கால்களின் சாதனை. கூலிகள் பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று பூர்ன் எழுதி அலுத்துக்கொள்கிறார். அவர்கள் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ!

அந்தக் கொலோடியான் எதனால் ஆனது தெரியுமா? பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து ஈதரிலும் சாராயத்திலும் கரைப்பார்கள். பக்குவத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினால் அதே பஞ்சு வெடிமருந்துப் பஞ்சாகிவிடும். பீரங்கிக்கும் காமிராவுக்கும் தாய் ஒன்றுதான். காமிராப் பையில் நெருப்பு என்று சொன்னேனே, அது இங்கே ஆரம்பிக்கிறது.

சுமை குறைந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். உலர்ந்த தகடுகள் வந்தன. கூடாரம் போயிற்று. 1888-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவர் கோடாக் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளேயே நூறு படத்துக்குச் சுருள். விலை 25 டாலர். நூறும் முடிந்தால் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியது. 10 டாலருக்கு அவர்கள் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1925-ல் லைகா வந்ததும் காமிரா சட்டைப் பைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. விடுமுறைக்குப் போகிறவன் காமிரா எடுத்துக்கொண்டு போவது என்ற பழக்கம் உலகத்தில் இப்படித்தான் பரவியது.

ஆனால் இருட்டு ஒரு தொல்லையாகவே இருந்தது. வெயில் இருந்தால்தான் படம். இதற்கு 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் வழி கண்டுபிடித்தார்கள். மக்னீசியத் தூள், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்பைடு மூன்றையும் கலந்து ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் ஒரு நொடி. படம் விழுந்துவிடும். இந்தப் பட்டியலைச் சிவகாசியில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். தீக்குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். மத்தாப்புக்கு வெள்ளை ஒளி தருவது மக்னீசியமும் அதன் மலிவான தம்பி அலுமினியத் தூளும். அந்தக் காலத்து போட்டோகிராபர் ஒரு சின்னப் பட்டாசு ஆலையையே தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்!

நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்று ஒரு பத்திரிகை நிருபர் இருந்தார். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்தவர். ஏழைகள் பன்னிரண்டு பேர் பதினைந்து பேராக ஒரே அறையில் கிடந்த இருட்டுக் குடியிருப்புக்களை எழுத்தால் எவ்வளவு சொல்லியும் ஊர் நம்பவில்லை. மின்னல் பொடி பற்றிய செய்தியைப் படித்ததும் துள்ளி எழுந்தார். நடு ராத்திரியில் பொடியும் காமிராவுமாக அந்த அறைகளுக்குள் நுழைந்தார். தூங்கினவர்கள் அலறி எழுந்து ஓடினார்களாம். இரண்டு தடவை வீட்டில் தீப்பிடித்துவிட்டது. ஒரு தடவை அவர் மேலேயே பிடித்துக்கொண்டது. அந்தப் படங்களோடு 1890-ல் அவர் வெளியிட்ட புத்தகம் நகரத்தின் மனசாட்சியைத் தட்டி எழுப்பியது என்பது சரித்திரம். எனக்கு என்னவோ அந்த அறையில் திடுக்கிட்டு விழித்தவர்கள் முகம்தான் மனசில் நிற்கிறது. நல்ல காரியத்துக்காகத்தான் என்றாலும், தூங்குகிற மனிதனின் தலைமாட்டில் ஒருவர் வெடி கொளுத்தினார்.

சிவகாசி இந்தப் பொடிகளோடு பழக ஆரம்பித்தது 1920-களில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். மழை பொய்த்த பூமி. கிணற்றை நம்பி வெள்ளாமை செய்ய முடியாது. வறண்ட காற்றே மூலதனம் என்று கண்டுகொண்டார்கள். தீக்குச்சி உலர அந்தக் காற்று வேண்டும், பட்டாசு உலரவும் வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. இன்றைக்கு நாடெங்கும் சுவரில் தொங்குகிற காலண்டர்களில் பெரும்பகுதி அங்கே அச்சாகிறது. பார்க்காத ஊர்களின் பனிமலைப் படங்களையெல்லாம் எங்கள் கந்தக பூமிதான் அச்சிட்டு அனுப்பியது! ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்று ஒரு செல்லப் பெயர்.

ஜப்பான் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ. கே. செட்டியார். காமிரா வேலை கற்றுக்கொள்ள ஒரு தமிழர் அந்த நாளில் டோக்கியோவுக்குப் போனார், பிறகு நியூயார்க்குக்கும் போனார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்திஜியின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகிற கப்பலில் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காந்தியைப் பற்றி ஒரு முழு நீளச் செய்திப் படம் எடுத்தால் என்ன? வயது 25. கையில் பணம் இல்லை. யுத்தமோ வாசலில் நிற்கிறது. ஒரு லட்சம் மைல் சுற்றினார். உலகத்தின் பல மூலைகளிலும் பல காமிராக்காரர்கள் முப்பது வருஷ காலத்தில் எடுத்துப் போட்டிருந்த துண்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்தார். ஐம்பதினாயிரம் அடி பிலிம் சேர்ந்தது. அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடியை வெட்டி எடுத்து 1940 ஆகஸ்ட் 23-ந் தேதி சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியிட்டார்.

மற்றவர்கள் பிரயாணத்துக்குக் காமிரா எடுத்துப் போவார்கள். படம் எடுத்துத் திரும்புவார்கள். செட்டியாரோ, ஏற்கெனவே எடுத்த படத்தைத் தேடுவதற்காகவே பிரயாணம் போனவர். ஐம்பதினாயிரம் அடி என்பது ஓடவிட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டாயிரம் அடி இரண்டேகால் மணிக்குக் கிட்ட. அதாவது, தேடிக் கண்டெடுத்ததில் நாலில் மூன்று பங்கை அவரே ஒதுக்கி வைத்திருக்கிறார். பட்ட பாட்டுக்காக எல்லாவற்றையும் ஒட்டிப் போட்டுவிடாத அந்த மனக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு வரும்? என் நாவலில் ஒரு அத்தியாயத்தை வெட்டச் சொன்னாலே எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

அவர் சுமந்த சுருள்களிலும் நெருப்பு இருந்தது. அந்தக் காலத்து சினிமா பிலிம் நைட்ரேட் பிலிம், கொலோடியானுக்கு உடன்பிறப்பு. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதன் உடம்பிலேயே இருக்கிறது. 1950-ஐ ஒட்டித்தான் அது வழக்கொழிந்தது. கப்பலிலும் ரயிலிலும் அப்படிப்பட்ட சரக்கைப் பிள்ளைபோல் கொண்டுவந்து சேர்த்த மனிதர், தம் பிரயாண நூலில் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்வதில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அந்தப் புத்தகம் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.

காந்திஜிக்கு மின்னல் வெளிச்சம் பிடிக்காது. அவருடைய பேரன் முறையான கனு காந்தி ஆசிரமத்தில் வளர்ந்தவர். படம் எடுக்க ஆசைப்பட்டார். பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ஒரு ரோலிபிளெக்ஸ் வாங்கினார். காந்திஜி மூன்று நிபந்தனைகள் விதித்தார். மின்னல் விளக்கு போடக்கூடாது. நில், திரும்பு, சிரி என்று கேட்கக்கூடாது. ஆசிரமம் காசு தராது. இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்டு, 1938 முதல் 1948 வரை பத்து வருஷம் எடுத்தார் கனு. வெளிச்சம் போதாமல் படங்கள் மங்கலாக இருக்கும். சிலவற்றில் முகமே தெரியாது. நடந்து போகிற முதுகு மாத்திரம் தெரியும். அந்த முதுகைப் பார்த்தே காந்தி என்று சொல்லிவிடலாம். ரோலிபிளெக்ஸில் ஒரு விசேஷம் உண்டு. அதைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பதில்லை. மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். படம் எடுக்கிறவன் எதிரே இருப்பவரை வணங்குவது போலவே இருக்கும்.

1946-ல் புனாவுக்கு 'லைஃப்' பத்திரிகையின் மார்கரெட் பர்க்-ஒயிட் வந்தார். ராட்டைக்குப் பக்கத்தில் காந்தியைப் படம் எடுக்க வேண்டும். முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். கற்றார். பிறகு விளக்குப் பேரம். கடைசியில் மூன்றே மூன்று மின்னல் பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது. உலகத்தின் பெரிய பத்திரிகை, பெட்டி பெட்டியாகச் சாமான், ஆனால் செலவழிக்க மூன்று பல்பு. முதல் இரண்டும் வீண். மூன்றாவதில் விழுந்ததுதான் உலகம் முழுவதும் பார்த்த அந்தப் படம்.

மூன்று பல்பு, பன்னிரண்டு படம், நூறு படம். கணக்கு என்று ஒன்று இருந்த காலம் அது. எங்கள் சித்தப்பாவிடம் ஒரு அக்ஃபா கிளிக்-3 இருந்தது. கறுப்புப் பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். குற்றாலம் போவதென்றால் வீட்டில் முதல் நாள் ராத்திரி பங்கீடு நடக்கும். ஆச்சிக்கு ஒன்று. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இரண்டு. எல்லாரும் சேர்ந்து ஒன்று. அருவி மாத்திரம் தனியே ஒன்று எடுக்கலாமா என்று சித்தப்பா கேட்டால் ஆச்சி விடமாட்டாள். "தண்ணிக்கு எதுக்குப் படம்? அது அடுத்த வருசமும் விழும்லே. நான் இருப்பனோ என்னமோ" என்பாள். பன்னிரண்டு படங்களில் எதை எடுப்பது, யாரை நிறுத்துவது என்ற அந்த விவாதத்தில் ஒரு குடும்பத்தின் அன்பும் மனஸ்தாபமும் முழுதாக வெளிவந்துவிடும். எந்த மதினி யார் பக்கத்தில் நிற்க மறுத்தாள் என்பதைக் கொண்டு ஒரு நாவலே எழுதலாம். எழுதியும் இருக்கிறேன்.

குற்றாலம் போகிற ரயில் எங்கள் ஊரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் போகும். தீபாவளி நெருங்கினால் சிவகாசி ஸ்டேஷனில் போலீசார் பைகளைச் சோதிப்பார்கள். ரயிலில் பட்டாசு கொண்டு போகக்கூடாது என்பது சட்டம். இப்போது எந்த போட்டோகிராபரும் மின்னல் பொடி கொண்டுபோவதில்லை. ஆனால் நெருப்பு பையை விட்டுப் போய்விட்டதா? காமிராவிலும் போனிலும் இருக்கிற லித்தியம் பாட்டரியை எண்ணிப் பாருங்கள். விமானத்தில் உபரிப் பாட்டரிகளைச் சரக்கோடு போடக்கூடாது, கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்களே, ஏன்? முனைகள் உரசிப் பற்றிக்கொண்டால் பக்கத்தில் ஆள் இருந்து அணைக்க வேண்டும் என்பதற்காகத்தான். பாட்டரிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாவிக்கொத்தும் சில்லறையும் அதோடு சேராமல் தனியே வைக்க வேண்டும். எங்கள் ஊர் மூட்டை சாஸ்திரம் இதற்கும் பொருந்துகிறது.

எங்கள் பக்கத்துக்கு வெளியூர்க் காமிராக்கள் வந்த வரலாறும் ஒன்று உண்டு. தீப்பெட்டி ஒட்டுகிற பிஞ்சு விரல்களைத் தேடி நிருபர்களும் படக்காரர்களும் வந்தார்கள். அந்தப் படங்கள் ஊருக்குப் பெருத்த அவமானம் என்று பலர் குமுறினார்கள். ஆனால் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டதே, அது ஊர் வெட்கப்பட்டதால்தான் வந்தது என்பது என் கட்சி. இதில் எனக்கும் ஊர்க்காரர்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. அதே சமயம் அந்தப் படங்களைப் பார்க்கும்போது ரீஸின் அறைகளில் அலறி எழுந்தவர்கள் நினைவும் வருகிறது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்?

பட்டாசு ஆலைகள் தங்கள் விதிகளை ரத்தத்தில் எழுதிக்கொண்டவை. குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது என்று 1992-ல் சர்க்கார் தடை போட்டது. உரசினாலே வெடிக்கிற சேர்க்கை அது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்கள், என்ன என்று பார்க்கப் போனவர்கள். புகை தெரிந்தால் பார்க்கக் கிட்டே போகாதே என்று அன்றுமுதல் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறோம். கையில் காமிரா இருக்கிறவனுக்கு அதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

நண்பரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். குற்றாலத்துக்கு நான் எடுத்து வைத்தது ஒரு காமிரா, ஒரே ஒரு லென்ஸ், அகலமும் இல்லாமல் தூரமும் இல்லாமல் மனிதர் முகத்துக்கு ஏற்றது. உபரிப் பாட்டரி ஒன்று. சாரலுக்கு ஒரு வேட்டித் துண்டு. பழைய வேட்டியைப்போல் லென்ஸ் துடைக்க மெதுவான துணி எந்தக் கடையிலும் கிடையாது. ஈரத்தைக் குடிக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. எங்கள் வெயிலில் வளர்ந்த லென்ஸ் குற்றாலத்து ஈரத்தில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே பூசணம் பூத்துவிடும். மின்னல் விளக்கை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். பெரிய தூர லென்ஸையும் வைத்துவிட்டேன். தூரத்தில் குளிக்கிறவர்களை அவர்களுக்குத் தெரியாமல் கிட்டே இழுப்பது அதற்கு வெகு சுலபம். அருவிக்கரையில் அப்படிப்பட்ட கருவிக்கு என்ன வேலை?

முக்காலிக்கும் அங்கே வேலை இல்லை. அது தீபாவளிக்கு. ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் முக்காலியை நிறுத்தி, காமிராவைச் சிவகாசித் திசைக்குத் திருப்பி, லென்ஸை நாலு விநாடி திறந்து வைத்தால் போதும். கம்பி கம்பியாக வெளிச்சம் தானே வந்து விழும். மகன் பொத்தானை அழுத்துவான். அந்த வெள்ளைப் பூக்களுக்கு அலுமினியத்தைச் சலித்து அளந்து வைத்த பெண்கள் அந்நேரம் வீட்டில் பிள்ளைகளோடு இருப்பார்கள். தீபாவளியை ஒட்டி ஆலைகளுக்கு விடுமுறை.